தலைவியின் பாட்டு

லுசுங்குவுக்கு அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே கொட்டாவி வந்தது. ம்சூசூ நகரத்து வானொலி நிலையத்தில் பாட்டுப் பதிவுகளெல்லாம் அவள் பொறுப்பு. போன மாதம் வரை மவுஸால் ஒரு தட்டுத் தட்டினால் போதும், வேலை நடக்கும். அந்தக் கம்ப்யூட்டர் மண்டையைப் போட்ட பிறகு மேலாளர் எங்கிருந்தோ ஒரு கிழட்டு மெஷினைக் கொண்டுவந்து வைத்தார். அதற்குப் படம் காட்டவெல்லாம் தெம்பில்லை. எதைச் செய்யச் சொன்னாலும் கட்டளையாகத் தட்டச்சு செய்ய வேண்டும். ஓர் எழுத்து பிசகினாலும் முகத்திலடித்த மாதிரி மறுத்துவிடும். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசுகிற வயதில் இந்தத் தலையெழுத்து யாருக்கு வேண்டும்?

மெஷினுக்குள்ளேயே கையேடு இருந்தது. அதைப் படிக்க நெட் வேண்டாம். ஆனால் படிக்கிறவர்களின் உயிரை எடுப்பதற்கென்றே யாரோ உட்கார்ந்து எழுதியிருந்தார்கள். தொழில்நுட்பம் பார்க்கும் வொங்கானி அதை ஒரு நாளும் திறந்ததில்லை. அவனுக்கு எல்லாமே போனில் வீடியோதான். அவள் திரையில் மூக்கை வைத்துப் படிப்பதைப் பார்த்து, மந்தாசிப் பணியாரத்தைத் தேநீரில் முக்கிக்கொண்டே, "என்னக்கா, பாதிரியார் பரீட்சையா?" என்பான். அடுத்தவன் செய்வதைப் பார்த்துச் செய்ய நானென்ன குரங்கா என்று அவளும் திருப்பிக் கொடுப்பாள்.

நேற்றுச் சாயங்காலம் அவளுக்குச் சண்டை போடவும் தெம்பில்லை. தேவாலயப் பெண்கள் குழுவின் பாட்டுகளை ஒரே பொட்டலமாகக் கட்டி கரோங்கா ஊர் நிலையத்துக்கு அனுப்பச் சொல்லி மேலாளர் உயிரை வாங்கிக்கொண்டிருந்தார். கையேட்டில் பாதிப் பக்கம் தாண்டுவதற்குள் கண் சொருகியது. சரி, தொலையட்டும் என்று வொங்கானி சொன்ன வீடியோவைப் போட்டாள். டேட்டா தீர்ந்துவிடுமே என்று, ஊரில் எல்லோரும் செய்வதுபோல, படத்தின் தரத்தை அடிமட்டத்துக்கு இறக்கிக்கொண்டாள். எழுத்தெல்லாம் தண்ணீர் பட்ட மை மாதிரி தெரிந்தது. பேச்சு கேட்கிறதே, போதும் என்று நினைத்தாள். கட்டளையைத் தட்டி, அதன் பின்னால் பாட்டுகளின் பெயர்களை வரிசையாகத் தட்டினாள். மெஷின் முனகாமல் ஏற்றுக்கொண்டது. பொட்டலத்தைத்தான் காணவில்லை. எக்கேடோ கெட்டுப் போகட்டும், காலையில் பார்க்கலாம் என்று வீட்டுக்குப் போய்விட்டாள்.

காலையில் நிலையத்து வாசலில் தவோங்கா நின்றிருந்தாள். அந்தத் தேவாலயக் குழுவின் தலைவி நியாகோண்ட்வேயின் மகள். விடிவதற்கு முன்னால் அம்மா போய்விட்டாள் என்றாள். அழுது தீர்த்த கண், சொட்டு நீரில்லை. மதியம் இறப்புச் செய்தி வாசிக்கும்போது அம்மா தனியாகப் பாடிய பாட்டைப் போட வேண்டுமாம்; அடக்கத்துக்கு வந்தவர்கள் மரத்தடியில் ரேடியோவை வைத்துக்கொண்டு காத்திருப்பார்களாம். லுசுங்குவும் அந்தக் குழுவில் பின்வரிசையில் பாடுகிறவள்தான்.

குழு எங்கே போனாலும் தலைவிதான் முன்னால் நடப்பாள். அதனால் அவள் பாட்டுக்குத்தான் லுசுங்கு முதல் எண் போட்டு வைத்திருந்தாள். அதை ஓடவிட்டாள். சத்தமில்லை. மறுபடி ஓடவிட்டாள். சத்தமில்லை. அதன் அளவு மட்டும் மற்ற பாட்டுகளையெல்லாம் விழுங்கியதுபோல ஊதியிருந்தது. கையேட்டை நேற்று விட்ட இடத்திலிருந்து படித்தாள். கட்டளைக்கு அடுத்து வரும் முதல் பெயர், கட்டப்போகும் பொட்டலத்துக்கு வைக்கும் பெயர். அதே பெயரில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் அது அழிந்துபோகும். வீடியோக்காரன் முதலில் பொட்டலத்துக்கென்று ஒரு பெயர் தட்டியிருக்கிறான். மங்கல் படத்தில் அது அவள் கண்ணில் படவே இல்லை. அவளோ தலைவியின் பாட்டுப் பெயரை முதலில் தட்டி, அந்தப் பாட்டை அழித்துவிட்டு, அந்த இடத்தில் மற்ற பாட்டுகளைக் கட்டி வைத்திருந்தாள். பதிவு செய்த மெமரி கார்டிலும் அடுத்த ஞாயிறே வேறு நிகழ்ச்சி ஏறிவிட்டது.

வொங்கானி வீடியோவை நல்ல தரத்தில் போட்டுப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் பழியைப் போட ஒரு நிமிடம் அவளுக்கு நாக்கு துடித்தது. அதற்கும் அலுப்பாக இருந்தது.

"தவோங்கா, அந்தப் பாட்டை நான் அழிச்சிட்டேம்மா. தெரியாமத்தான். ஆனா அழிச்சது நான்தான்."

தவோங்கா மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள். "வேற எதுலயாவது அம்மா குரல் இருக்காக்கா?"

லுசுங்கு இரண்டாவது பாட்டைப் போட்டாள். குழு மொத்தமும் பாடுவது. அதில் தலைவியின் குரலைப் பிரித்தெடுக்க முடியாது. ஆனால் பாட்டுத் தொடங்குமுன் வந்த ஒத்திகைப் பேச்சை அவள் வெட்டாமல் விட்டிருந்தாள். யாரோ இருமினார்கள். பிறகு தலைவியின் கனத்த குரல் கேட்டது.

"லுசுங்கு, என் வாயவே பாத்துக்கிட்டு வாயசைக்காதே. கையில புஸ்தகம் எதுக்குடி வச்சிருக்கே? அதைப் பாரு."

பின்வரிசைக்காரிகள் கொல்லென்று சிரித்தது கேட்டது. தவோங்காவும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவளுக்கு, தீர்ந்துபோன அழுகை மறுபடி வந்துவிட்டது.

"இதைப் போடுங்கக்கா. பாட்டை யார் வேணாலும் பாடிடுவாங்க. இப்படித் திட்ட அம்மாவாலதான் முடியும்."

ஊரே கேட்குமே என்று சொல்ல வாயெடுத்த லுசுங்கு மூடிக்கொண்டாள். மதியம் இறப்புச் செய்தி வாசித்து முடிந்ததும், கையேட்டை ஒரு தரம் பார்த்துவிட்டு, கட்டளையை எழுத்து எழுத்தாகத் தட்டினாள். நியாகோண்ட்வே அவளைப் பெயர் சொல்லித் திட்டியது ம்சூசூ முழுக்கக் கேட்டது.