எஞ்சின் ஆறும் வரை

"அணைச்சிடாதடி. ரெண்டு நிமிஷம் ஆகட்டும்" என்றாள் லொரேன்.

சாவியில் வைத்த கையை ரோக்ஸான் எடுத்துக்கொண்டாள். முன்னால் நின்ற சவ வண்டியிலிருந்து அப்பாவை இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாதிரியார் குழியருகே புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இந்தப் பக்கமே பார்த்தார். அக்டோபர் காற்று அவர் அங்கியைப் பிடித்து இழுத்தது.

"எல்லாரும் நமக்காக நிக்கிறாங்கம்மா."

"நிக்கட்டும். உங்கப்பாவா இருந்தா பாதிரியாரையும் கூப்பிட்டு உள்ள உக்கார வச்சிருப்பார்."

வைத்திருப்பார்தான். டர்போ பூட்டிய பழைய எஞ்சின். ஓடி வந்த சூட்டோடு அணைத்தால் உள்ளே எண்ணெய் கருகிவிடும் என்பார் அப்பா வால்ட். மளிகைக்குப் போனாலும் பல் மருத்துவரிடம் போனாலும், வந்து நின்றபின் இரண்டு நிமிடம் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். தனக்குக் கல்யாணம் வேண்டாம் என்று ரோக்ஸான் அப்பாவிடம் சொன்னதும், அம்மாவின் மார்பில் கட்டி இருப்பதாக அப்பா அவளிடம் சொன்னதும் அந்த இரண்டு நிமிடங்களில்தான். வீட்டுக்குள் அவர் வானிலையைப் பற்றித்தான் பேசுவார்.

வண்டி, 1986-இல் ஐந்நூறே ஐந்நூறு செய்த ஷெல்பி. எல்லாமே கறுப்பு. முன்பலகையில் ஒட்டிய சின்னத் தகட்டில் 341 என்று இருக்கும். தெரியாதவன் கண்ணுக்கு அது டப்பா மாதிரி ஒரு குட்டிக் கார். தெரிந்தவன் பார்த்துவிட்டால் பெட்ரோல் போடப் போன இடத்தில் அரை மணி நேரம் போய்விடும்.

அதைத்தான் பதினோரு வருடமாக வால்ட் விற்றுக்கொண்டிருந்தார். ஏப்ரல் பிறந்தால் பின்கண்ணாடியில் 'விற்பனைக்கு' என்ற அட்டை ஏறும். யாராவது வந்து ஓட்டிப் பார்ப்பான். வால்ட் காப்பியோடு வாசற்படியில் நிற்பார். வண்டி திரும்பி வந்து நின்ற மறுநொடி, "இவன் சரிப்பட மாட்டான்" என்பார். முதல் பனிக்கு அட்டை இறங்கும். விற்க மனசில்லாத மனுஷனுக்கு ஊராரோடு அரட்டை அடிக்க இது ஒரு சாக்கு என்பது லொரேனின் தீர்ப்பு.

செவ்வாய்க்கிழமை காலை, முகத்தில் பாதிச் சவரத்தோடு அவர் குளியலறையில் விழுந்தார். வீட்டை ஏற்கனவே விற்றாகிவிட்டது. மாதக் கடைசியில் லொரேன் ரோக்ஸானுடைய மூன்றாம் மாடி வீட்டுக்குப் போக வேண்டும். அங்கே கார் நிறுத்த இடமில்லை. பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவர் நாளைக்கு டிரெய்லரோடு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரிடம் நாற்பது கார் இருக்கிறதாம். எதையும் ஓட்டுவதில்லை, உறை போட்டு மூடிவைப்பாராம்.

"ஒரே வாரத்துல ரெண்டு பேரையும் புதைக்கச் சொல்றியா?" என்று லொரேன் நேற்றுக் கேட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

எஞ்சின் ஆறியது. இறங்கிப் போனார்கள்.

குழியருகே கூட்டத்தின் ஓரத்தில், தார் படிந்த மேலங்கியோடு ஓர் ஆள் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றான். நாற்பது வயது இருக்கும். ஜெபத்துக்கெல்லாம் சரியாகப் பதில் சொன்னான், வரிசையில் வந்து ஒரு பிடி மண்ணும் போட்டான். லொரேன் அவனைக் கட்டியணைத்தாள்.

"வால்டுக்கு ரொம்ப வேண்டியவரா தம்பி?"

"அது... வந்தும்மா..."

"சாப்பிடாம போகக் கூடாது. எங்க கூடவே வாங்க."

தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் அவன் தட்டில் பியரோகிக் கொழுக்கட்டையும் தொத்திறைச்சியும் உருளைக்கிழங்கு சாலடும் குவிந்தன. பரிமாறும் பெண்கள் மூன்றாம் முறை வந்தபோது அவன் முள்கரண்டியைக் கீழே வைத்தான்.

"அம்மா, என்னை மன்னிக்கணும். என் பேரு டெல்மர். கூரை வேலை பாக்கிறேன். உங்க வீட்டுக்காரரை எனக்குத் தெரியாது."

"பின்ன?"

"சிக்னல்ல அந்தக் காரைப் பாத்தேன். விற்பனைக்குன்னு போட்டிருந்துச்சு. பின்னாடியே வந்துட்டேன். ரெண்டு தெரு தாண்டித்தான் முன்னால போறது சவ வண்டின்னு தெரிஞ்சுது. நடுவுல கழண்டுக்கிட்டா மரியாதையா இருக்காதேன்னு எல்லாரையும் மாதிரி நானும் லைட்டைப் போட்டுக்கிட்டு வரிசைலயே வந்துட்டேன்."

ரோக்ஸானுக்கு முகம் சுட்டது. அட்டையை எடுக்க மறந்து, அப்பாவின் இறுதி ஊர்வலத்தை 'விற்பனைக்கு' என்ற விளம்பரத்தோடு பாதி டொலீடோ நகரத்தின் வழியாக நடத்தியிருக்கிறாள்.

லொரேன் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று பதறி ரோக்ஸான் எழுந்தாள். அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப ஜெபம் சொன்னியே, அது?"

"அது நிஜம்மா. எங்கப்பாவை நினைச்சுக்கிட்டேன்."

லொரேன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வாங்கினா என்ன பண்ணுவ? உறை போட்டு மூடி வைப்பியா?"

"ஐயோ, எதுக்கு? தினம் வேலைக்குப் போவேன். ஏணிதான் உள்ள நுழையாது."

லொரேன் மகளிடமிருந்து சாவியை வாங்கி அவன் முன்னால் வைத்தாள். "ஓட்டிப் பாரு. நானும் வரேன்."

ரோக்ஸான் காகிதக் கோப்பையில் காப்பியோடு வெளியே வந்து படியில் நின்றாள். தெருக்கோடியில் எஞ்சின் ஒருமுறை வீறிட்டது, கூடவே அம்மாவின் கூச்சலும் கேட்டது. பத்து நிமிடத்தில் வண்டி திரும்பி வந்து படிக்கு எதிரே நின்றது.

எஞ்சின் சத்தம் நிற்கவில்லை.

டெல்மர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். அம்மா அவன் பக்கம் திரும்பி ஏதோ சொல்லத் தொடங்கினாள். அவன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வந்த வேகத்தில் சட்டென்று சாவியைத் திருகிவிட்டு இறங்கிய எத்தனையோ பேரை ரோக்ஸான் பார்த்திருக்கிறாள். காப்பியும் கையுமாக அப்பா படியில் நின்று எதைப் பார்த்தார் என்று அவளுக்கு இப்போதுதான் புரிந்தது.

ஒரு நிமிடம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. எஞ்சின் அணைந்தது. யாரும் கதவைத் திறக்கவில்லை. உள்ளே அம்மா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள்.

ரோக்ஸான் கோப்பையைப் படியில் வைத்துவிட்டு வண்டியின் பின்பக்கம் போனாள். அட்டையை ஒரு மூலையிலிருந்து உரிக்கத் தொடங்கினாள். அப்பா ஒட்டிய டேப் லேசில் வரவில்லை. நகத்தால் சுரண்டினாள்.