வார்டு மாறாமல் கட்சி மாறியவர்

1
இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஓட்டுநர் பயிற்சிக் காரில். நான் கிளட்சோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் கற்றுக்கொடுப்பவர் பெருமூச்சு விட்டார். பயிற்சிப் பள்ளி அவருடையது. எங்கள் வார்டு கவுன்சிலரும் அவரே. முந்தைய நாள்தான் கட்சி மாறியிருந்தார்.

"வீட்ல பேச்சுவார்த்தை இல்லைங்க" என்றார்.

2
இந்தக் கதைக்கு நான் எழுதிப் பார்த்த முதல் தொடக்கம்: 'பதவி வெறி பிடித்த அந்த மனிதர்...'

(வேண்டாம். அவருடைய தெருவில் சாக்கடை வாசல்வரை வந்து விருந்தாளி மாதிரி நின்றது. ஆளும் கட்சி, "நம்ம ஆளா இருந்தா நாளைக்கே சாக்கடைக் குழாய்" என்றது. மாறினார். குழாய் வந்தது.)

இரண்டாம் தொடக்கம்: 'மக்களுக்காகத் தன்னையே...'

(இதுவும் வேண்டாம். கழுத்தில் மாலை விழுந்தபோது கடைவாய்ப் பல்வரை சிரித்தாரே!)

3
பயிற்சிக்கு வந்த பல் டாக்டரம்மா கேட்டேவிட்டார்: "எங்களை மட்டும் இண்டிகேட்டர் போடச் சொல்றீங்க. நீங்க போடாமலே திரும்பிட்டீங்களே சார்?"

கவுன்சிலர் ஹாரனை அழுத்தினார். எதிரே யாருமில்லை.

4
(இங்கே கட்சித் தாவல் சட்டம் பற்றி ஒரு பத்தி வர வேண்டும். வக்கீல் நண்பர் அதை ஒரே வரியில் முடித்துவிட்டார்: "மேல இருக்க எம்.எல்.ஏ. தாவினா பதவி போகும், வார்டுக்காரனைப் பத்தி அந்தச் சட்டம் வாயே திறக்கல.")

இதே வரியைக் கவுன்சிலர் தன் மனைவியிடமும் சொல்லிப் பார்த்தார். வெயிலில் படியேறிப் படியேறி அவருக்கு ஓட்டுக் கேட்டவள் அவள்.

"சட்டப்படி என்னை நாற்காலியிலிருந்து யாரும் எழுந்திருக்கச் சொல்ல முடியாது, தெரியுமா?"

"சொல்லலைன்னா உக்காந்தே இருக்கணுமா? அந்தக் கட்சிக்குன்னுதானே கும்பிட்டு ஓட்டுக் கேட்டேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு கடைக்குப் போறது?"

"குழாய் வந்துச்சுல்ல?"

"வந்துச்சு. என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

(அவருக்காக நான் மூன்று பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் மேடைப் பேச்சு.)

5
கவுன்சிலர் பதவியை ராஜினாமா செய்துவிட்டார். புதுக் கட்சி "பைத்தியமா?" என்றது. பழைய கட்சி உள்ளேயே விடவில்லை. இடைத்தேர்தலில் சுயேச்சையாக நிற்கிறார்.

முடிவு ஒன்று: ஜெயிக்கிறார். (சினிமா.)
முடிவு இரண்டு: டெபாசிட் போகிறது. (என் வயிற்றெரிச்சல்.)

ஆகவே, முடிவை உங்களிடமே விடுகிறேன்: நீங்கள் அந்த வார்டில் குடியேறிவிடுங்கள். அழைப்புமணி அடிக்கிறது. வாசலில் அவர். தெருமுனையில் அவர் மனைவி, கூட வந்தவள் போலவும் இல்லை, வராதவள் போலவும் இல்லை. குழாயைச் சொல்லி ஓட்டுக் கேட்கமாட்டேன் என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார். அதனால் வேறென்ன சொல்வதென்று தெரியவில்லை.

"நான்தாங்க" என்கிறார்.

"தெரியும்" என்று சொல்லிவிட்டு நீங்கள்