பொம்மையின் மேல் ஒரு கை

குழந்தை பராமரிப்புப் பயிற்சி நடந்த கூடம் ஓர் இரும்புக்கடையின் மாடியில் இருந்தது. கீழே தகரம் வெட்டும் சத்தம். மேலே இருபது பெண்கள், ஐந்து ரப்பர் பொம்மைகள். குழந்தை என்று மருந்துக்குக்கூட ஒன்று கிடையாது. பயிற்சிக்கு வருகிறவர்கள் தங்கள் பிள்ளைகளைக் கூட்டி வரக் கூடாது என்று கம்பிக்கதவிலேயே எழுதி ஒட்டியிருந்தார்கள். குழந்தைகள் இருந்தால் கவனம் சிதறுமாம். சமையல் சொல்லிக்கொடுக்கிற இடத்துக்கு அடுப்பு வரக் கூடாது என்ற மாதிரி. எட்டு வாரமாக இதைப் படித்துக்கொண்டு உள்ளே போன ஒருத்திக்கும் சிரிப்பு வரவில்லை.

தையல்காரிக்கும் வரவில்லை. ஒரு தையல் கம்பெனியில் பத்து வருடம் மிஷின் மிதித்தவள் அவள். பிள்ளை பிறந்து, பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் நின்றவளைக் கம்பெனி மறந்துபோயிற்று. இப்போது அதே கம்பெனி, உள்ளேயே குழந்தைகள் காப்பகம் திறக்கப்போகிறது. பயிற்சிச் சான்றிதழ் இருந்தால் அங்கே வேலை; சொந்தக் குழந்தையையும் கூடவே வைத்துக்கொள்ளலாம். இரண்டரை வயது மகளை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, அவள் வாயில் விழுந்து எழுந்து, ஒரு நாள் தவறாமல் வந்தாள். மகளைப் பிரியாமல் இருக்க வேண்டும் என்பதற்காக எட்டு வாரம் மகளைப் பிரிந்திருந்தாள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

செய்முறைத் தேர்வு அன்று வெளியிலிருந்து ஒரு தேர்வாளரம்மா வந்தார். பொம்மைக்குத் துணி மாற்ற வேண்டும், பத்து நிமிடத்தில். கோதுமை மாவைத் தேயிலைத் தண்ணீரில் குழைத்து, டீச்சர் ஒவ்வொரு பொம்மைக்கும் கரண்டியால் அளந்து பூசி வைத்திருந்தார். அழுக்கு என்றால் அப்படியொரு மரியாதையான அழுக்கு. டீக்கடை வாசம் அடித்தது. பெண்கள் அதை மூக்கைச் சுளிக்காமல் துடைக்க வேண்டும், அதற்கு இரண்டு மதிப்பெண். தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரு கை பொம்மையின் மேல் இருந்தே ஆக வேண்டும். கையை எடுத்தால் குழந்தையைத் தனியே விட்டதாகப் பொருள். மொத்தத்துக்கும் சுழியம்.

அவள் முறைக்குச் சற்று முன்னால் படியில் தடதடவென்று நாத்தனார் ஏறி வந்தாள், இடுப்பில் குழந்தையோடு.

"அண்ணி, காலையிலருந்து இவளுக்கு வயித்தால போவுது. நான் வேலைக்குப் போகணும். இனிமே உங்க பாடு."

கம்பிக்கதவுக்கு வெளியே, வராந்தா பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டாள். தையல்காரி எழுந்தாள். அதே நேரம் பார்த்து, "பதினொண்ணாம் நம்பர்!" என்று கூப்பிட்டார்கள்.

"நீ போம்மா, நான் பாத்துக்கறேன்," என்றார் டீச்சர். சொன்னவர் மதிப்பெண் தாளைத் தூக்கிக்கொண்டு தேர்வாளரம்மாவின் பின்னாலேயே வால்பிடித்துப் போனார்.

பொம்மையைப் படுக்கவைத்தாள். இடுப்புத் துணியில் குத்தியிருந்த ஊசியை விலக்கினாள். மூன்றாவது நிமிடத்தில் வராந்தாவிலிருந்து குரல் வந்தது.

"அம்மா, கக்கா!"

பிறகு அழுகை. தையல்காரி கதவுப் பக்கம் திரும்பினாள். கை பொம்மையின் நெஞ்சில் இருந்தது.

"மேடம், வெளியில என் பொண்ணு. வயிறு சரியில்ல. ஒரு நிமிஷம்..."

"கைய எடுத்தீங்கன்னா நான் ஜீரோதான் போடணும்," என்றார் அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே. "ஏழு நிமிஷம்தானே? முடிச்சிட்டுப் போங்க."

கூடத்தில் இன்னும் பத்தொன்பது பெண்கள் இருந்தார்கள். குழந்தை அழுதால் முதலில் என்ன செய்ய வேண்டும் என்று அத்தனை பேருக்கும் மனப்பாடம். முடித்தவர்கள் கையெழுத்துக்கு நின்றார்கள், முடிக்காதவர்கள் வரிசையில் நின்றார்கள். ஒருத்திகூட அசையவில்லை. தூ!

சரி, பெற்றவள் என்ன செய்தாள்? அவளும் கையை எடுக்கவில்லை. அடுத்த படி, குழந்தையின் கண்ணைப் பார்த்து அன்பாகப் பேசுவது. பொம்மைக்கு ஒரு கண்ணில் சாயம் போயிருந்தது. மிச்சமிருந்த கண்ணைப் பார்த்து, எழுதிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

"என் தங்கமே, அம்மா இங்கதான் இருக்கேன். பயப்படாதே."

வெளியே அழுகை சட்டென்று நின்றது. "அம்மா, நான் இங்க!" என்றது குழந்தை, சந்தோஷமாக.

தையல்காரி குனிந்து பொம்மையின் காலிடுக்கில் மாவைத் துடைத்தாள். மறுபடி அழுகை கேட்டது, கொஞ்ச நேரம். அப்புறம் அதுவும் இல்லை. ஊசியைக் குத்தி முடித்தபோது இன்னும் ஒரு நிமிடம் மிச்சமிருந்தது.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். மகள் தரையில் கம்பியைப் பிடித்தபடி, உள்ளே கிடந்த பொம்மையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தானே துடைத்துக்கொள்ளப் பார்த்திருக்கிறாள்; கவுன், கை, தலைமுடி எங்கும் அப்பியிருந்தது. பின்னாலேயே எட்டிப் பார்த்த ஒருத்தி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "ஐயே, யார் பிள்ளைம்மா இது, நாத்தம் தாங்கல," என்றாள். மாவுக்கு மூக்கைச் சுளிக்காமல் இரண்டு மதிப்பெண் வாங்கியவள்தான்.

குழாயடியில் மகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது தேர்வாளரம்மா கைக்குட்டையோடு வராந்தாவுக்கு வந்தார்.

"எல்லாரும் இவங்களப் பாருங்க. சொந்தக் குழந்தை வாசல்ல கத்துது, கை நகரல. இந்த மாதிரி ஒரு கவனத்த நான் எங்கயும் பாத்ததில்ல. இவங்கதான் முதல் மார்க்கு!"

கைதட்டினார்கள். தையல்காரிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. கையில் இருந்த அசிங்கம் அவளுக்கு ஒன்றுமே இல்லை. பெற்றவளுக்கு அது என்ன புதுசா? அந்தக் கைதட்டலைத்தான் தாங்க முடியவில்லை. அதைவிட, முதல் மார்க்கு என்று காதில் விழுந்ததும் ஒரு நொடி தனக்குள் குளிர்ந்ததே, அதை நினைத்தபோது தன்மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

சான்றிதழை முகத்தில் விட்டெறிந்துவிட்டு வந்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான். வாங்கிக்கொண்டாள். ஈரக்கை பட்டுவிடாமல் ஓரத்தைப் பிடித்து, பத்திரமாக வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் துணி அலசிக்கொண்டிருந்தவளுக்கு வீடு ரொம்ப அமைதியாக இருப்பது உறைத்தது. எழுந்து தேடினாள். மகள் கதவுக்குப் பின்னால், காலை அகட்டி வைத்துக்கொண்டு, சத்தமில்லாமல் நின்றிருந்தாள். கால் வழியாக வழிந்து காய்ந்தே போயிருந்தது.

"ஏன்டி, அம்மாவக் கூப்பிடக் கூடாதா?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அந்தப் பாப்பாக்கு முடிஞ்சிடுச்சா?"