கப்பல் போட்ட காசு

"இது தொலஞ்சு போச்சுன்னா?" என்று சபீதா கேட்டாள்.

"தொலஞ்சா உனக்குத்தான் கஷ்டம். என்னை விட்டுட்டுப் போக முடியாது" என்றான் ஹசன் அலி.

"இது என்ன கதை?"

"கதையில்ல புள்ள, சட்டம். புருசன் வேண்டாம்னா பொண்டாட்டி குலா கேக்கலாம். ஆனா நிக்காஹ்ல வாங்குன மஹரத் திருப்பிக் குடுக்கணும். ரூவான்னா நீ எங்கயாவது பொரட்டிக் குடுத்துருவ. அதான் டவுண்ல எந்தக் கடையிலயும் கிடைக்காத சாமானாப் பாத்து மஹரா எழுத வச்சேன்."

"அடேயப்பா! கட்டி மூணு நாள்தான் ஆகுது, அதுக்குள்ள எம்புட்டு முன்னேற்பாடு!"

மாஞ்சோலைக்கு ஏறும் பஸ்ஸில் அவர்கள் பேசிக்கொண்டது அது. பதினேழு வருஷத்துக்கு முந்தைய பேச்சு. கொண்டையூசி வளைவு ஒவ்வொன்றிலும் பஸ் முனகியது. சபீதாவின் உள்ளங்கையில் வெள்ளிக் காசு ஒன்று கனமாகக் கிடந்தது. ஒரு பக்கம் மீசை வைத்த ஒரு சீனத் தலைவரின் முகம். மறுபக்கம் இரண்டு பாய்மரம் கொண்ட கப்பல். தலைக்கு மேலிருந்த சீன எழுத்துக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்துநாலு என்று அர்த்தம் என ஹசன் அலி சொல்லியிருந்தான். அவனுடைய பூட்டன் பினாங்கில் கடை வைத்திருந்தாராம். முப்பத்தொன்பதில், சண்டை வருவதற்கு முன்னால், கப்பலேறி ஊருக்கு வந்தபோது இடுப்புத் துணியில் முடிந்து கொண்டுவந்த காசாம்.

"இந்தக் கப்பல்லயா வந்தாங்க?"

"இல்ல, அவங்க வந்தது புகைக்கப்பல்."

"பின்ன எதுக்கு இதுல பாய்மரம் போட்டிருக்கான்?"

"அத சீனாக்காரன்ட்டயே கேளு" என்று சொல்லிவிட்டு அவன் சிரித்த சிரிப்பில் முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்தார்.

அந்தச் சிரிப்பை நம்பித்தான் சபீதா பதினேழு வருஷத்தை ஓட்டினாள்.

ஹசன் அலி கெட்டவன் இல்லை. அதுதான் அவளுக்கு வந்து வாய்த்த கஷ்டம். குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான், மாசா மாசம் பணம் அனுப்பத் தவற மாட்டான். சவூதியில், தம்மாமில் ஒரு குளிர்சாதனக் கம்பெனியில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவு. முதல் பத்து நாள் விருந்து, அடுத்த இருபது நாள் கல்யாணம், காதுகுத்து, கடன்காரச் சொந்தங்கள். முப்பதாம் நாள் வந்துவிட்டால் காலை எழுந்ததும் டிக்கெட் விவரத்தை எடுத்து ஒருதரம் பார்த்துக்கொள்வான். பிள்ளை இல்லாததற்கு டாக்டர்கள் காரணம் சொல்லவில்லை. காலண்டர் சொன்னது.

"வந்துருங்க மச்சான், இங்கன ஒரு ஏசி மெக்கானிக் கடை போட்டுக்கிடலாம்" என்று அவள் கேட்காத லீவு இல்லை. "அடுத்த தடவ முடிச்சிட்டு வந்துருதேன்" என்று அவன் சொல்லாத லீவும் இல்லை. நாலு லீவுக்குப் பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். ஆனால் ஆறு வருஷத்துக்கு முன்னால் வந்த ஒரு செய்திதான் அவளை உள்ளே எதையோ முடிவு செய்ய வைத்தது. தம்மாமில் விமானம் இறங்கி, கம்பெனி ரூமுக்குப் போனதும் வழக்கம்போல் வாட்ஸப்பில் அனுப்பியிருந்தான்: "வீடு வந்து சேந்தாச்சு."

எத்தனையோ தடவை அவன் அப்படி அனுப்பியிருப்பான். அன்றைக்குத்தான் அவள் அதைப் படித்தாள். மேலப்பாளையத்தில், அவன் பணத்தில் டைல்ஸ் போட்ட கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, அப்படியானால் நான் இருக்கிற இது என்ன என்று யோசித்தாள். பதில் கிடைத்த பிறகும் யோசித்துக்கொண்டே இருந்தாள்.

குலா கேட்டுவிடலாம் என்று மனம் கூடிவந்த சமயத்தில் கொரோனா வந்தது. தம்மாமில் ஆறு மாதம் சம்பளம் இல்லை. ஹசன் அலியின் உம்மாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன். நகையெல்லாம் போன பிறகு, ஒருநாள் சபீதா மஹர்க் காசைப் போனில் இரண்டு பக்கமும் படம் பிடித்துக்கொண்டாள். பிறகு டவுணில் ஒரு வெள்ளிக் கடையில் கொண்டுபோய்ப் போட்டாள். கடைக்காரர் அதைப் பழைய கொலுசுகளோடு சேர்த்து நிறுத்தார். உருக்கத்தான் போகிறார் என்று தெரிந்தும் அவள் திரும்பிப் பார்க்காமல் வந்தாள். மாமி பிழைத்து எழுந்து, இன்னும் மூன்று வருஷம் இருந்து, போன வருஷம்தான் மௌத்தானார்கள். காசு போன கதை ஹசன் அலிக்குத் தெரியாது.

மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஜுபைதா பீவியிடம், யாருக்கோ கேட்பதுபோல் கேட்டாள். "அதே காசுதான் வேணும்னு இல்லம்மா. அதுக்கு ஈடா ஏதாவது குடுத்தாலும் போதும். மஹர் வேண்டாம்னு புருசன் மன்னிச்சாலும் போதும்" என்றார்கள் அவர்கள். சபீதா தலையை ஆட்டிக்கொண்டு வந்தாள். ஆனால் ஈடு கொடுக்க அவளுக்கு மனம் ஒப்பவில்லை. வாங்கியது எதுவோ அதையே வைத்துவிட்டுக் கேட்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தாள். அப்படித்தான் தனக்குச் சொல்லிக்கொண்டாள். இ-சேவை மையத்தில் வேலை முடிந்ததும் பழங்காசு விற்கிறவர்களின் வாட்ஸப் குழுக்களில் கப்பல் போட்ட சீனக் காசைத் தேடினாள். நாலு வருஷம் தேடினாள். போன மாசம் காரைக்குடிக்காரர் ஒருவரிடமிருந்து ஒன்று கூரியரில் வந்து சேர்ந்தது. அப்போது ஹசன் அலி லீவில் வீட்டில் இருந்தான்.

வந்தது நல்ல காசுதானா என்று தெரிய வேண்டாமா?

ஹசன் அலியின் லீவு முடிய இரண்டே நாள் இருக்கும்போதுதான் அவளுக்கு அதற்கு நேரம் கிடைத்தது. காலையில் டவுண் பஸ் ஏறி, கொக்கிரகுளம் பாலத்தில் ஆற்றைத் தாண்டி, தச்சநல்லூருக்குப் போனாள். அங்கே பத்மப்ரியா என்று ஒரு பல் டாக்டர். சான்றிதழ் ஒன்றுக்காக இ-சேவை மையத்துக்கு வந்தபோது பழக்கம். வெளிநாட்டுக் காசு சேர்ப்பதில் பைத்தியம். கிளினிக் அலமாரியில் சுண்ணாம்புப் பல் செட்டுகளுக்குப் பக்கத்தில் காசு ஆல்பங்கள் அடுக்கியிருக்கும்.

உள்ளே நாற்காலியில் பூதலிங்கம் என்ற அரிசிக்கடை அண்ணாச்சி, ஊசி போட்ட கடைவாய் மரத்துப்போவதற்காக வாய் நிறையப் பஞ்சோடு சாய்ந்து கிடந்தார்.

"வாங்கக்கா. அண்ணாச்சிக்கு மரக்க இன்னும் பத்து நிமிசம் ஆகும். அதுக்குள்ள உங்க சீனாக்காரரப் பாத்துரலாம்" என்றாள் பத்மப்ரியா.

பல்லைப் பார்க்கும் உருப்பெருக்கிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். காசை முதலில் தராசில் வைத்தாள். பிறகு ஓரத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சபீதா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வெள்ளி சரியா இருக்கு. எடையும் சரி. டூப்ளிகேட் இல்ல."

சபீதா மூச்சை விட்டாள்.

"ஆனா இது முப்பத்துநாலுல அடிச்சதும் இல்ல."

"வருசம் போட்டிருக்கே?"

"போட்டிருக்கு. அதான் இதுல விசேஷம். சீனாவுல அப்ப இருந்த கவர்மெண்டு போற சமயத்துல நோட்டுக்கு மரியாத இல்லாமப் போச்சு. வெள்ளிக் காசு குடுத்தாத்தான் சனங்க வாங்குவாங்கன்னு ஆயிருச்சு. நாப்பத்தொம்பதுல அமெரிக்காவுல ஆர்டர் குடுத்து, அங்க மூணு நாணயச்சாலையில இதே காசத் திரும்ப அடிச்சாங்க. புது வருசம் போடல. பழைய முப்பத்துநாலயே போட்டாங்க. கள்ளக்காசு கிடையாது. கவர்மெண்டு கேட்டு, கவர்மெண்டு அடிச்சது. தேதி மட்டும் பழசு."

"அத எப்படிக் கண்டுபிடிக்குதீங்க?"

"புது அச்சு வெட்டும்போது எங்கயாவது கை மாறும்லாக்கா. ஓரத்துப் பல்லு, எழுத்தோட தடிமன், கப்பலுக்கு அடியில இருக்க அலைக்கோடு. ரெண்டு காசோட படத்தையும் பெருசாக்கிப் பக்கத்துல பக்கத்துல வச்சுத்தான் பாக்கணும். ஒண்ணை மட்டும் வச்சுக்கிட்டுச் சொன்னா அது ஜோசியம்."

நாற்காலியிலிருந்து பூதலிங்கம் பஞ்சோடு ஏதோ சொன்னார்.

"என்ன அண்ணாச்சி?"

அவர் பஞ்சை ஒரு பக்கம் ஒதுக்கினார். "தேதி மாத்தி மூட்டையில ஒட்டுனா எங்களுக்கு மட்டும் அபராதம் போடுதான்மா!"

பத்மப்ரியா சிரித்தாள். சபீதாவுக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே, மனசுக்குள் ஒரு பாரம் இறங்குவதை உணர்ந்தாள். இது அந்தக் காசு இல்லை. அவர்களுடைய பூட்டன் முப்பத்தொன்பதில் கொண்டுவந்த காசுக்கு, நாற்பத்தொன்பதில் அடித்த காசு எப்படி ஈடாகும்? திரும்ப முதலிலிருந்து தேட வேண்டும். இரண்டு வருஷம் ஆகும், மூன்று வருஷமும் ஆகும். அதற்குள் என்னவெல்லாமோ மாறலாம். அந்த நிம்மதி எவ்வளவு பெரியது என்று கண்டபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"அப்ப என் பழைய காசு மாதிரி இல்ல இது" என்றாள், அது முடிந்துபோன விஷயம்போல.

"பழைய காசோட படம் வச்சிருக்கீங்களா? காட்டுங்க."

காட்டாமல் இருந்திருக்கலாம். ஆனால் போன் அதற்குள் கையில் வந்துவிட்டது. பத்மப்ரியா படத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றிப் பெரிதாக்கினாள். பக்கத்தில் புதுக் காசின் படம். இரண்டு கப்பல்கள் திரையில் அருகருகே நின்றன. அவளுடைய விரல் அலை அலையாக நகர்ந்தது. கப்பலின் அடி, பாய், முகத்தின் காதோரம், ஒவ்வொரு எழுத்தாக.

"அக்கா, ரெண்டும் ஒரே அச்சு."

"நல்லாப் பாருங்க டாக்டர்."

"நல்லாத்தான் பாத்தேன். நீங்க வித்ததும் நாப்பத்தொம்பதுக் காசுதான். இதும் அதும் அக்கா தங்கச்சி மாதிரி. உங்களுக்கு என்ன வேணுமோ அதுவே கிடைச்சிருக்கு. சந்தோசப்படுங்க."

"சந்தோசம்தான்" என்றாள் சபீதா.

பஸ்ஸில் திரும்பும்போது ஆற்றில் தண்ணீர் கலங்கிப் போய்க்கொண்டிருந்தது. முப்பத்தொன்பதில் ஊர் திரும்பிய பூட்டன் நாற்பத்தொன்பதில் அடித்த காசை எப்படி இடுப்பில் முடிந்திருப்பார் என்பது மேலப்பாளையம் நெருங்கும்போதுதான் அவள் மனதில் தட்டியது. அதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. காசு பையில் இருந்தது. இனிச் சொல்வதற்குச் சாக்கு ஒன்றும் இல்லை.

வீட்டில் ஹசன் அலி அட்டைப்பெட்டி கட்டிக்கொண்டிருந்தான். அல்வா, அப்பளம், மசாலாப்பொடி, ரூம்காரர்கள் சொல்லிவிட்ட நீலகிரித் தைலம். நைலான் கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, "சபீ, இந்த முடிச்ச ஒரு விரலால அமுக்கு" என்றான். அவள் அமுக்கினாள். அவன் இறுக்கினான். பதினேழு வருஷத்தில் இருவரும் சேர்ந்து செய்து பழகிய ஒரே வேலை அதுவாகத்தான் இருக்கும்.

முடிச்சு விழுந்ததும் அவள் காசை எடுத்துப் பெட்டியின்மேல் வைத்தாள்.

"அட! இன்னும் பத்திரமா வச்சிருக்கியா?"

"இது அது இல்ல மச்சான். அத மாமி ஆபரேஷனுக்கு வித்துட்டேன். இது வேற. அதே மாதிரித் தேடி வாங்குனது."

அவன் காசைக் கையில் எடுத்தான். புரட்டிப் புரட்டிப் பார்த்தான். "என்ட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்லா. எங்க உம்மாவுக்காகவா..."

"டாக்டர் ஒருத்தங்க பாத்துச் சொன்னாங்க, இது நாப்பத்தொம்பதுல அடிச்சதாம். நீங்க குடுத்ததும் அப்படித்தானாம்."

ஹசன் அலி தலையைச் சொறிந்தான். முகத்தில் திருட்டுத்தனமான சிரிப்பு ஒன்று மெல்ல எட்டிப் பார்த்தது. "எங்க பூட்டன் தூத்துக்குடியத் தாண்டுனதில்ல புள்ள. அத நான் தம்மாம்ல ஒரு பிலிப்பைன்ஸ்காரன்ட்ட வாங்குனேன். நீ காலேஜ் படிச்ச புள்ள. நான் டிப்ளமா. வெறும் ரூவாய மஹரா வச்சா என்ன நினைப்பியோன்னு பயந்துபோயிக் கெடந்தேன். ஒரு கதையோட குடுத்தா மதிப்பன்னு..."

சபீதாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. இருபத்தேழு வயதில், தனக்காகப் பயந்து, தனக்காகக் கப்பலும் பினாங்கும் கட்டிய அந்தப் பையன் அவள் முன்னால் ஒரு கணம் நின்றான். இவன்மேல் எப்படிக் கோபப்படுவது? வாயில் வந்தது திரும்ப உள்ளே போனது. இன்னும் ஒரே ஒரு லீவு பொறுத்தால் என்ன?

அப்போது அவன் போன் கூவியது. தம்மாம் ரூமிலிருந்து அலி அஸ்கர் அனுப்பிய குரல் செய்தி. ஹசன் அலி அதைச் சத்தமாக ஓடவிட்டான். "ஹசன் பாய், எப்ப வீட்டுக்கு வாறீய? ஒங்க கட்டில்ல பூனை குட்டி போட்டிருக்கு வே! நாலு குட்டி!"

ஹசன் அலி விழுந்து விழுந்து சிரித்தான். மாஞ்சோலை பஸ்ஸில் சிரித்த அதே சிரிப்பு. இந்த நாற்பது நாளில் அவள் வீட்டுச் சுவர்கள் அதை ஒருதரம்கூடக் கேட்கவில்லை. போனை வாயருகில் வைத்துக்கொண்டு, "அதுகள விரட்டிராதலே, வியாழக்கிழம நான் வீட்டுக்கு வந்துருவேன்" என்றான்.

சிரிப்பு அடங்காமலேயே அவள் பக்கம் திரும்பினான். "என்ன புள்ள, ஏதோ சொல்ல வந்தியே?"

சபீதா காசை எடுத்து அவனுடைய உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக அவளே மடக்கிவிட்டாள். அவன் கை சூடாக இருந்தது.

"ஒங்க மஹர எடுத்துக்கோங்க மச்சான்" என்றாள். "எனக்கு குலா தாங்க."