வீட்டு மூக்கு

எந்த நட்சத்திரத்தை எந்தப் பேரரசு பிடித்தது என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். அந்தப் போர்க்கப்பல்களுக்கு எரிபொருள் ஊற்றிய ஹொர்க்கர்களைப் பற்றிப் பேசத்தான் நாதியில்லை. அந்தக் கப்பல்கள் வந்து நிற்கும் விண்வெளித் துறைமுகத்தில் நம் ஆட்கள் வீடு ஒரு கைப்பிடிதான் தேறும். ஊர்ஷியின் வீடு அதில் ஒன்று.

அன்று அவள் மகள் ஸிர்னு வாசலில் வந்து நின்றாள். கப்பற்படை பிடித்துக்கொண்டு போனபோது சின்னப் பெண். திரும்பி வருவதற்குள் இரண்டு முறை தோல் உரித்து முகமே மாறியிருந்தது. முகத்தை யார் பார்த்தார்கள்? ஹொர்க்கனுக்கு ஆள் அடையாளம் வாசனைதான். ஒரே உப்புத் தொட்டியில் குளிக்கிற குடும்பத்துக்கு ஒரே வாசனை. படைக்காரர்கள் அவளை மருந்துத் தண்ணீரில் ஊறவைத்தல்லவா அனுப்பியிருந்தார்கள்!

வந்தவர் வீட்டுப் பிள்ளையா, விருந்தாளியா என்று சொல்ல வேண்டியவன் ஊர்ஷியின் கணவன் கொர்வாம். அவன்தான் வீட்டு மூக்கு. மகளின் காதோரம் குனிந்து மூச்சை இழுத்தான்.

"வாங்க, உக்காருங்க. சாப்பிட்டுட்டுப் போகலாம்" என்றான்.

"அப்பா, நான்தாம்ப்பா! ஸிர்னு!"

"எல்லாரும் அப்படித்தான் சொல்லிக்கிட்டு வர்றாங்க" என்றாள் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மெத்ரா. "போன தடவை ஒரு உளவாளி என்னை அத்தைன்னு கூப்பிட்டான். எனக்கு அண்ணனும் இல்ல, தம்பியும் இல்ல."

மருந்து நாற்றத்துக்கு அடியில் தன் வீட்டு உப்பு ஊர்ஷிக்குத் தெளிவாக மணந்தது. சொல்லி என்ன பயன்? 'பெற்றவள் மூக்கு பொய் சொல்லும்' என்பது நம் பழமொழி. விருந்தாளிக் கிண்ணத்தில் கஞ்சி குடித்து முடித்தவர் அந்த வீட்டுக்கு ஆயுள் முழுக்க விருந்தாளிதான்.

அதனால் அடுப்பில் பாசிக்கஞ்சி கொதித்தும் அவள் இறக்கவில்லை. கிண்ணத்தைக் கழுவினாள். கழுவியதையே திரும்பக் கழுவினாள். மூடிக்குள்ளேயே கஞ்சி வற்றி, அடிப்பிடித்து, கருகியது. நாற்றம் குடலைப் பிடுங்கியது. கொர்வாமின் முதுகுக்குப் பின்னால் மெத்ரா வாலால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

கொர்வாம் மட்டும் அசையவில்லை. "என்ன ஊர்ஷி, இன்னும் கொதி வரலையா?"

ஊர்ஷியின் கை நின்றுவிட்டது. எரிபொருள் குழாயடியில் காலமெல்லாம் குனிந்து நின்றவன். அந்த ஆவி மூக்கைத் தின்றிருக்கிறது. மூக்குப் போனவனை நம் ஆட்கள் மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள் என்று பயந்து, பாவி, பெண்டாட்டியிடம்கூட வாய் திறக்கவில்லை. வேற்றாளை உள்ளே விட்டுவிடக் கூடாதே என்றுதான் மகளை விருந்தாளியாக்கியிருக்கிறான். அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"மருந்து நாத்தம் வீட்டையே தூக்குது!" என்று சத்தம் போட்டாள். "இதுல எந்த மூக்குக்குத்தான் தெரியும்? பச்சைத் தண்ணில துடைச்சு விடறேன். மறுபடி பாருங்க."

"இது மருந்து நாத்தமா?" என்றாள் மெத்ரா.

"நீ கொஞ்சம் சும்மா இருக்கியா?"

மகளின் காதோரத்தைத் துடைத்து அவன் முன்னால் உட்கார வைத்தாள். யாரும் பார்க்காதபடி தன் வாலால் அவன் வாலைச் சுற்றி அழுத்தினாள். கொர்வாம் அவளை ஏறிட்டுப் பார்த்தான். மெல்லக் குனிந்து நீளமாக மூச்சை இழுத்தான்.

"எம் பொண்ணு" என்றான். "உள்ள வாடி."

மூன்று பேரும் உப்புத் தொட்டியில் கழுத்தளவு இறங்கினார்கள். ஸிர்னு ஓரத்தில் தலை சாய்த்து அப்படியே தூங்கிப்போனாள்.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?" என்று கொர்வாம் தாழ்ந்த குரலில் கேட்டான்.

"கஞ்சி கருகினப்ப."

"கருகிடுச்சா?"

ஊர்ஷி சிரித்தாள். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. அவன் மகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஊர்ஷி, இவ எப்படி மணக்கிறா? சொல்லேன்."

அவள் மகளின் கழுத்தில் முகம் வைத்தாள். "மேல மருந்து. அடியில நம்ம உப்பு. அதுக்கும் அடியில, முதல் தோல் உரிக்கறதுக்கு முன்னாடி உங்க மடியில தூங்குவாளே, அந்த வாசனை அப்படியே இருக்கு."

கொர்வாம் கண்ணை மூடிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தான்.