எமெட் கேட்ட கேள்வி

பெரியவர்கள் வைத்தியமும் குழந்தை வைத்தியமும் சேர்த்துப் படிக்கிற பயிற்சி எங்களுடையது. நான்கு வருடம். சில மாதங்களுக்கு ஒருமுறை பாலத்தைக் கடந்து எதிர் ஆஸ்பத்திரிக்கு மாறிவிட வேண்டும். பாலம் என்றால் கீழே ஆறு கீறு எதுவும் கிடையாது. தெருவுக்கு மேலே கண்ணாடி போட்ட ஒரு நடை, அவ்வளவுதான். இந்தக் கோடியில் குழந்தைகள் ஆஸ்பத்திரி, சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி; அந்தக் கோடியில் பெரியவர்கள் ஆஸ்பத்திரி, நன்கொடை கொடுத்த கிழவர்களின் படங்கள். அந்தப் பக்கம் போனால், "குழந்தை டாக்டருங்க வந்துட்டாங்க, யாரும் ஊசிக்கு அழக்கூடாது" என்று கிண்டலடிப்பார்கள். இந்தப் பக்கம் வந்தால், "கிழடுகளைப் பாத்துட்டு வராங்க, மருந்து அளவை ஒண்ணுக்கு ரெண்டு தடவை பாத்துக்குங்க" என்பார்கள். இரண்டு இடத்திலும் நாங்கள் இரண்டுங்கெட்டான்கள்.

முதல் வருடம் இதற்கெல்லாம் பதிலடி கொடுப்பேன். மூன்றாவது வருடத்தில் எரிச்சல் ஒன்றுதான் மிச்சம். அழுகை, சந்தோஷம் எல்லாம் எப்போது நின்றதென்றே தெரியவில்லை. டிசம்பர் முழுக்கப் பெரியவர்கள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தேன். ஒருவர் செத்துப்போவார், நான் கையெழுத்துப் போடுவேன், வார்டு அலமாரியிலிருந்து பிஸ்கட் எடுத்து வேர்க்கடலை வெண்ணெய் தடவித் தின்பேன். கிறிஸ்துமஸுக்கு டொலீடோவிலிருந்து அக்கா போன் செய்து, "உன் குரல் ஏன்டி இப்படிச் செத்துக் கிடக்கு?" என்று கேட்டாள். தூக்கம் வருகிறது என்று வைத்துவிட்டேன்.

ஜனவரியில் நானும் எமெட் ஹல்ஸும் குழந்தைகள் பக்கம் வந்தோம். எமெட் இரண்டாம் வருடம், எனக்குக் கீழே வேலை. நல்ல பையன், காதுவரை சிவந்துபோகிற பையன். அவனும் நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்துதான் வந்தான். பெரியவர்கள் பக்கம் கால் விரல் உடைந்து வந்தவரானாலும் சேர்க்கும்போது ஒரு கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். இதயமோ மூச்சோ நின்றுவிட்டால் நெஞ்சை அமுக்கி, தொண்டையில் குழாய் போட்டு மெஷினில் வைக்க வேண்டுமா, இல்லை அப்படியே விட்டுவிட வேண்டுமா? சிகரெட் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, இந்தக் கேள்வி. எல்லாம் ஒரே மூச்சில். கேட்டுக் கேட்டு வாய்க்கு அது பழகிவிடும், மனசு எங்கேயோ இருக்கும்.

குழந்தைகள் பக்கம் இதை யாரும் கேட்பதில்லை. தடுப்பூசி போட்டாயிற்றா, வீட்டில் துப்பாக்கி இருந்தால் பூட்டி வைக்கிறீர்களா என்று கேட்போம். மற்றதற்குப் பதில் எல்லோருக்கும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம். குழந்தைக்கு எல்லாமே செய்ய வேண்டும்.

முதல் நாள் காலையிலேயே எமெட் என்னைத் தேடி வந்தான். காது இரண்டும் தக்காளி.

"கார்லா, ஒரு தப்பு நடந்துபோச்சு."

"மருந்து அளவா?"

"இல்ல. கேட்டுட்டேன். அந்தக் கேள்விய."

"யார்கிட்டடா?"

"டானிகா பர்ச். அம்மா காரை நிறுத்தப் போயிருந்தாங்க. நான் பாட்டுக்கு ஒவ்வொண்ணா கேட்டுக்கிட்டே போனேன், அதுவும் வாயில வந்துடுச்சு."

"அடப்பாவி! அவளுக்குப் பதினேழு வயசுடா."

"தெரியும்."

"என்ன சொன்னா?"

"குழாய் வேண்டாம்னா. இதை இதுவரைக்கும் யாருமே என்கிட்ட கேட்டதில்லைன்னா. அப்புறம் எனக்குத் தேங்க்ஸ் சொன்னா, கார்லா."

டானிகாவை அந்த ஆஸ்பத்திரியில் தெரியாதவர்கள் இல்லை. பிறந்ததிலிருந்தே நுரையீரலில் கெட்டிச் சளி அடைக்கிற நோய். புதிய மாத்திரைகள் அவளுக்குக் கேட்கவில்லை. வேறு நுரையீரல் பொருத்தவும் முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள், உள்ளே குடியேறியிருந்த கிருமி அப்படி. போன வசந்தத்தில் மூன்று வாரம் மெஷினில் கிடந்து பிழைத்தாள். இந்த முறை மெஷினில் வைத்தால் அதிலிருந்து எடுக்கவே முடியாது என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே வைக்க வேண்டி வந்துவிடும் என்றும் தெரியும். அவளுடைய ஆக்சிஜனைக் காலையிலிருந்து ஏற்றிக்கொண்டே இருந்தோம்.

காரை நிறுத்திவிட்டு வந்த அம்மாவிடம் டானிகாவே சொல்லியிருக்கிறாள். வார்டு அதிர்ந்தது.

"எம் பொண்ணுகிட்ட 'சாகறியா'ன்னு கேட்டவன் எவன்டா? வெளிய வாடா!"

எங்கள் பெரிய டாக்டர் ஃபெல்ட்காம்ப் எமெட்டை மருந்து அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நீ போம்மா கார்லா. மன்னிப்பு கேளு. தெரியாம கேட்டுட்டான், அதைக் கணக்கிலயே எடுத்துக்க வேண்டாம்னு சொல்லு."

"அவ பதில் சொல்லிட்டாளே டாக்டர்."

"சட்டப்படி பதில் சொல்ல வேண்டியது அம்மா. மார்ச்சுல பதினெட்டு ஆயிடும். பாலத்துக்கு அந்தப் பக்கம் போயிடுவா. அங்க கேப்பாங்க, அவளே சொல்லட்டும்."

"மார்ச் வரைக்கும் இருப்பாளா?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "போய் மன்னிப்பு கேளு" என்றார்.

போனேன். அம்மா ரோண்டா, பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். வண்டியிலிருந்து இறங்கி நேரே வந்திருந்தாள், மேல்கோட்டைக்கூடக் கழற்றவில்லை. திட்டித் தீர்த்தாள். நான் இடித்த புளி மாதிரி நின்றேன். அவள் மூச்சு வாங்க நிறுத்தியதும் தயாராக வைத்திருந்ததைச் சொன்னேன். நடந்ததற்கு வருந்துகிறோம், உங்கள் மனம் எவ்வளவு புண்பட்டிருக்கும் என்று புரிகிறது.

"நிறுத்து" என்றாள் ரோண்டா. "இந்தக் குரல் எனக்குத் தெரியும். இவ பொறந்ததுலேர்ந்து கேக்கறேன். எல்லாரும் ஒரே இடத்துல வாங்குவீங்களா இதை?"

அது உண்மைதான். குரலுக்கும் எங்களுக்கு வகுப்பு உண்டு.

டானிகா முகமூடியைச் சற்று விலக்கினாள். உதடு நீலம் பாரித்திருந்தது. "அந்த ஆளை விடும்மா" என்றாள். பிறகு என்னிடம், "மன்னிப்பெல்லாம் வேணாம். திருப்பிக் கேளுங்க. அம்மா இருக்கறப்ப கேளுங்க."

"கேட்டுத்தான் பாரேன்" என்றாள் ரோண்டா என்னை முறைத்து.

நான் கேட்டேன். தைரியம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அலுப்பு. இன்னொரு மழுப்பலை உண்டாக்கிச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அந்தப் பக்கம் நூறு பேரிடம் கேட்ட அதே வார்த்தைகளில் கேட்டேன். "உன் மூச்சு நின்னுபோச்சுன்னா, குழாய் போட்டு மெஷின்ல வைக்கணுமா டானிகா, வேண்டாமா?"

டானிகா என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தாள். ரோண்டா கட்டில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். அவள் தாடை நடுங்கியது. பெண் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"வைங்க" என்றாள் கடைசியில். "எல்லாம் பண்ணுங்க. குழாய் போடுங்க."

"பாத்தியா!" என்றாள் ரோண்டா. "கேட்டுக்கிட்டியா? போய் உங்க பெரிய டாக்டருகிட்ட..."

பாதியில் நின்றுவிட்டாள். மெல்லக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"பொய் சொல்றா" என்றாள் என்னிடம், சாதாரணமாக. "சின்ன வயசுலேர்ந்து இப்படித்தான். என் மூஞ்சியைப் பாத்துட்டு அப்புறம்தான் வாயைத் திறப்பா. இன்னைக்கு வலிக்கலம்மா, இன்னைக்கு நல்லா இருக்கும்மான்னு." பிறகு மகளிடம், "நெஜத்தைச் சொல்லுடி."

டானிகா முகமூடியைத் திரும்ப மாட்டிக்கொண்டாள். முகமூடிக்குள் நீராவி படிந்து படிந்து கலைந்தது.

"சொல்லுடி கண்ணு. அம்மா ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"நீ தனியா எப்படிம்மா வீட்டுக்குப் போவே?" என்றாள் டானிகா.

"எனக்கா வழி தெரியாது? பனியில முப்பது பிள்ளைங்களை வெச்சு பஸ் ஓட்டறவடி நான்." இதைச் சொல்லும்போது ரோண்டா சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் பார்த்ததில்லை, பார்க்கவும் வேண்டாம். மகள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "குழாய் வேணாம். அம்மா சொன்னான்னு எழுதிக்க. மூச்சுத் திணறாம மட்டும் பாத்துக்குங்க."

"பாத்துக்கறோம்" என்றேன்.

எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று காத்துக்கொண்டு அங்கேயே நின்றேன். மனசு கல்லாகிவிட்டது என்பார்களே, கல்லுக்காவது கனம் இருக்கும். வெறுமனே அவளுடைய எடையைப் பார்த்து, திணறலை அடக்கும் மார்ஃபின் எவ்வளவு என்று கணக்குப் போட்டேன். முப்பத்து நான்கு கிலோ. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் எடை.

ஃபெல்ட்காம்ப் வந்து ரோண்டாவிடம் தனியே பேசினார். வெளியே வந்தவர் என்னை ஒன்றும் சொல்லவில்லை, தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனார்.

கொஞ்ச நேரத்தில் ரோண்டா வாசலுக்கு வந்தாள். "அந்தப் பையன் எங்க?"

"எதுக்கு?" என்றேன். அடித்துவிடுவாளோ என்றிருந்தது.

"வரச் சொல்லு."

எமெட் வந்தான். காது வெளுத்துப் போயிருந்தது. ரோண்டா அவனைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தாள்.

"எத்தனை டாக்டருங்க இவளைப் பாத்திருப்பாங்க. ஒருத்தனும் இவகிட்ட கேக்கல. நானும் கேக்கல. நீ வந்தே, கேட்டே." அவள் குரல் உடைந்தது. "உன்னை நான் சாகறவரைக்கும் மன்னிக்கமாட்டேன், தெரிஞ்சுக்க."

"சரிங்க" என்றான் எமெட்.

"அவளுக்கு உன்னைப் பிடிச்சிருக்கு" என்றாள் ரோண்டா. "உள்ள வந்து உக்காரு. போயிடாத."