ஆனைக்கற்றாழை வைத்தியம்

மாலை ஐந்து மணிக்குத் தன்னைப் பார்க்க ஒரு பெண்மணி வரப்போகிறார் என்றதும், ஐம்பத்தாறு வயதுத் தட்டச்சருக்குத் தனக்கு முகம் என்று ஒன்று இருப்பது ஞாபகம் வந்தது. மனைவி இறந்தபின் இந்த ஒன்பது வருடங்களாக அதைச் சவரம் செய்வதோடு சரி. ஏற்பாடு மகளுடையது. "சும்மா பேசிப் பாருங்கப்பா. பிடிக்கலேன்னா விட்டுடலாம்" என்றிருந்தாள்.

கற்றாழை பூசினால் முகம் பளபளக்கும் என்று அலுவலகத்தில் யாரோ சொன்னதை நம்பி, நூலக மதிலோரச் செடியிலிருந்து கை நீளத்துக்கு ஒரு மடலை அறுத்து வந்தார். பெரிய மடலென்றால் பலனும் பெரிதாகத்தானே இருக்கும்? குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு, சாற்றைப் பிழிந்து தாராளமாகப் பூசினார்.

பத்தே நிமிடம். கன்னமெல்லாம் கட்டெறும்பு கடித்ததுபோல் எரிந்தது. கழுவினார், சொறிந்தார், மறுபடி கழுவினார். கதவைத் திறந்ததும் மகள் பதறிப்போனாள்.

"அப்பா! யாரு அடிச்சாங்க?"

"அவங்களை வரவேண்டாம்னு போன் பண்ணிடும்மா."

"வாசல்ல செருப்பு கழட்டிட்டு இருக்காங்கப்பா."

வந்தவர் பிரஷ் பட்டறை நடத்துபவர். கைக்குட்டையால் பாதி முகத்தை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தட்டச்சரை உற்றுப் பார்த்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஆனைக்கத்தாழையா?"

"கத்தாழைதாங்க."

"மூஞ்சிக்குப் பூசுறது சோத்துக்கத்தாழைங்க. இது வேற. ரயில் கத்தாழைம்பாங்க, நார்க்கத்தாழைம்பாங்க. கயிறு திரிக்கலாம், பை பின்னலாம், வேலி வைக்கலாம். நுனி முள்ளை நாரோட உரிச்சா ஊசியும் நூலும் சேர்ந்தே வந்துடும். எங்க பிரஷ்ஷே அந்த நார்லதான். இத்தனைக்கும் ஆகுறதை எடுத்து..." அதற்குமேல் சிரிப்பு அவரைப் பேச விடவில்லை. சமையலறையில் மகளும் சிரிப்பது கேட்டது.

"எதுக்குங்க பூசினீங்க?"

தட்டச்சர் கைக்குட்டையை இறக்கினார். மறைக்க இனி என்ன இருக்கிறது. "நீங்க வர்றீங்கன்னுதான்."

சிரிப்பு நின்றது. அவர் ரவிக்கைக் கையைச் சற்று மேலே ஏற்றிக் காட்டினார். முழங்கைக்கு மேல் பழைய தழும்புகள். "பட்டறை ஆரம்பிச்ச மொத வருஷம் எனக்கும் இப்படித்தான். சொறியாதீங்க. கையை அடியில வச்சு உட்காருங்க."

தட்டச்சர் இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். மகள் கொண்டுவந்த குளிர்ந்த தண்ணீரில் துண்டை நனைத்து, அரைகுறையாகப் பிழிந்து, வந்தவர் அவர் கன்னத்தில் வைத்தார். தண்ணீர் தாடையில் வழிந்து, புதுச் சட்டைக் காலருக்குள் இறங்கி, நெஞ்சு வரை போயிற்று. கண்ணை மூடிக்கொண்டு, அசையாமல் இருந்தார்.